ஏமாறும் நோயாளி: அறியாமை மட்டுமா காரணம்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவத்தில் ஏமாந்தவரைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘விவரம் போதாதவர்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நான் இதை ஏற்பதில்லை. நகை வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் பட்டதாரிகூட, நெஞ்சு வலித்ததும் முதலில் தென்பட்ட வாசலுக்குள் நுழைந்து, நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்திடுகிறார். மருத்துவத்தில் இன்னது தேவை என்று சொல்பவரும் அதை விற்பவரும் பெரும்பாலும் ஒருவரே. அவருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாது என்ற இந்த அறிவு ஏற்றத்தாழ்வைத்தான் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் விரிவாக ஆராய்ந்தார். செய்த சிகிச்சை தேவைதானா என்பது குணமான பின்னரும் நமக்குத் தெரிவதில்லை. தானே ஆறியிருக்கக்கூடிய நோய்க்கும் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறோம்.

நம் வேலூரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து காட்பாடியில் இறங்கும் குடும்பங்களுக்கு மொழி தெரியாது. விடுதி வாடகையோ நாளுக்கு நாள் ஏறும். ‘சீக்கிரம் முடித்துத் தருகிறேன்’ என்று வரும் தரகரே அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் அமைந்துவிட்டால், எந்த ஸ்கேன் மையம் என்பதை அவருடைய கமிஷன் தீர்மானித்தாலும் அவர்கள் அறிய வழியில்லை. நோயாளியை அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் பெறுவதை 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிமுறைகள் தடுக்கின்றன. ஆனால் அந்தப் பணத்திற்கு ரசீது யார் தருவார்?

காப்பீட்டு அட்டை வேறு வகை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் குடியாத்தத்துப் பீடித் தொழிலாளியின் வீடு அடமானத்திற்குப் போயிருக்கும். ஆயினும், கைக்காசு போகவில்லை என்ற நிம்மதியிலேயே கணக்கைப் பாராமல் இருந்துவிடுகிறோம். செய்யாத சிகிச்சைக்கு அட்டையில் தொகை எடுக்கப்பட்டிருந்தால், அது அடுத்த நோயின்போதுதான் தெரியவரும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம், உயிர் காக்கும் அவசரம் தவிர, அறுவைச் சிகிச்சைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-இல் தீர்ப்பளித்தது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிமுறைகளில் உள்ளதே. இருந்தும் நாம் கேட்பதில்லை. ‘டாக்டர் கோபித்துக்கொண்டால், படுக்கையில் கிடக்கும் நம் ஆளை யார் பார்ப்பார்?’ என்ற அச்சமே வாயை அடைக்கிறது. என் கணிப்பில், மோசடி செய்பவருக்கு நம் அறியாமையைவிட இந்த அச்சமே அதிகம் உதவுகிறது. ஆகவே கேட்கும் பொறுப்பை நோயாளியின் தலையில் வைக்காமல், உடன் வந்தவர் ஏற்க வேண்டும். பெற்ற நகல்களுடன் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, அறுவை தேவைதானா, தள்ளிப்போடலாமா என்று இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.