எங்க மாஷும் ஜூன் மாசத்து ஆறாம் நாளும்

சவுண்டு வருதான்னு ஒரு நிமிஷம் பாத்துக்கிறேன்... ம், வருது. காத்து சத்தமும் சேந்துதான் வரும், ஒண்ணும் பண்ண முடியாதுங்க, ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா நிக்கிறோம், மைக்குக்கு பஞ்சு போட்டாலும் பிச்சுக்கிட்டுப் போகுது. வணக்கம் மக்களே. கேரளாவுல, தமிழ்நாட்டு பார்டர ஒட்டி இருக்கற கோழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் போற ரோட்டோரமா நிக்கிறேன். இன்னைக்கு தென்னந்தோப்பு வீடியோ போடறேன்னு சொல்லிருந்தேன், அது அடுத்த வாரம் பாத்துக்கலாம். போன வாரம் எங்க மாஷ் தவறிட்டாரு.

எங்க பக்கம் வாத்தியார மாஷ்னுதான் கூப்புடுவோம். அவரு பேரும் சொல்லல, ஸ்கூல் பேரும் சொல்லல, வீட்டுல கேமரா எடுத்துட்டு வராத கண்ணுன்னு சொல்லிட்டாங்க, அவங்க சொல்றதுதான் சரி. ஊருக்காரங்களுக்கு யாருன்னு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்.

ரெண்டு நாளா வாட்ஸ்அப் குரூப்பு பூரா பாருங்க, நல்லாசிரியர், அறிவுக்கண் திறந்தவர், எழுத்தறிவித்த இறைவன், பிளெக்ஸ்லயும் அதேதான் அடிச்சு வெச்சிருக்கானுங்க. அதெல்லாம் யாருக்கு வேணா போடலாம்ங்க, பேர மட்டும் மாத்துனா போதும். அந்த மனுசன் நெசமா என்ன வேலை செஞ்சாருன்னு ஒருத்தனும் எழுதல, அந்த கடுப்புலதான் இந்த வீடியோவே.

தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து பாக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். கேரளாவுல ஜூன்ல ஸ்கூல் தொறந்து ஆறாவது வேலை நாள் இருக்கே, அன்னைக்கு எத்தனை குழந்தைங்க இருக்காங்கன்னு எடுக்கற கணக்குதான் கணக்கு. அத வெச்சுத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் போஸ்ட்னு முடிவு பண்ணுவாங்க. எங்க ஸ்கூல்ல மலையாளம் டிவிஷன் தனி, தமிழ் டிவிஷன் தனி. தமிழ் டிவிஷன்ல தலை கொறஞ்சா போஸ்ட் போயிரும், போஸ்ட் போனா மறு வருஷம் தமிழ்ல சேக்க வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் வேற பக்கம் போயிருவாங்க, அப்புறம் பசங்க பத்தாத ஸ்கூல், அதான் அன்எகனாமிக் ஸ்கூல்னு லிஸ்ட்ல பேரு வரும்.

இங்க பிரச்சனை என்னன்னா ஜூன் மொத வாரம் பாதிப் பசங்க ஊர்லயே இருக்க மாட்டானுங்க. லீவுல அப்பன் ஆத்தாகூட பார்டர் தாண்டி அந்தப் பக்கம் செங்கச் சூளைக்குப் போனவங்க திரும்பியே வந்திருக்க மாட்டாங்க, சில பேரு பொள்ளாச்சிப் பக்கம் தோப்புல தேங்கா பொறுக்கிட்டு இருப்பாங்க. அவங்களத் தேடி மாஷ் மொதல்ல சைக்கிள்ல போவாரு, பிற்பாடு டி.வி.எஸ். பிப்டி. காலைல ஒரு ரவுண்டு, ஸ்கூல் விட்டு ஒரு ரவுண்டு. என் கிளாஸ்மேட் ஒருத்தன் சூளைல இருந்தான், அவன் சொன்னதுதான் இது, மாஷ் அங்க போயி மொதலாளிகிட்ட சத்தம் போடல, சட்டம் பேசல, கட்டில்ல உக்காந்து டீய வாங்கிக் குடிச்சுட்டு, அட்வான்ஸ் எவ்வளவு வாங்கிருக்காங்க, இன்னும் எத்தனை மாசத்துல கழியும்னு கேட்டிருக்காரு. அதெல்லாம் கேட்டுட்டு அப்புறமாத்தான் அவங்கப்பன் பக்கம் திரும்பி, பையன பாட்டிகிட்ட விடுங்க, மத்தியானச் சோறு ஸ்கூல்ல, ராத்திரிக்கு மட்டும் பாத்தா போதும்னு பேசி முடிச்சிருக்காரு. அவன் வண்டிக்குப் பின்னாடி உக்காந்து வந்தான். இன்னைக்கு பாலக்காட்டுல சொந்தமா லேத் பட்டறை வெச்சிருக்கான்.

அந்த ஆளு தன் வேலையக் காப்பாத்திக்கத்தான அலைஞ்சாருன்னு துட்டிக்கு, அதான் துக்கம் கேக்க, வந்த எடத்துலயே ஒருத்தர் சொன்னாரு. ஆமாங்க, அதுக்காகவுந்தான். நான் இல்லைன்னு சொல்லல. அந்த போஸ்ட் போயிருந்தா எங்க தெருவுல எத்தனை பேரு தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா இருந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அட்மிஷன் போடறப்போ இன்னொரு கூத்து. அந்தக் காலத்துல யாருகிட்டயும் பர்த் சர்டிபிகேட்லாம் கெடையாது. ஜூன் ஒண்ணாந்தேதிக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், அதனால தேதி தெரியாத குழந்தைக்கெல்லாம் மே மாசத்துல ஒரு தேதி போட்டு வெப்பாங்க. எங்க செட்டுல மே மாசம் வந்தா பேஸ்புக்கு தெனமும் பொறந்தநாள் காட்டும். ஆனா மாஷ் சும்மா போட மாட்டாரு, தோண்டுவாரு. எங்க அம்மிச்சி, அதான் எங்க பாட்டி, என்னைக் கூட்டிட்டுப் போனப்போ, எப்பங்காத்தா பொறந்தான்னு கேட்டிருக்காரு, மாரியம்மன் நோம்பி, அதான் திருவிழா, சாட்டுன வாரம்னு அம்மிச்சி சொல்லியிருக்கு, எந்த வருஷ நோம்பின்னாரு, மழையில தேரு நின்னுச்சே அந்த வருஷம்னு சொல்லிருக்கு. அவரு பஞ்சாங்கத்த எடுத்து வெச்சு நாள் பாத்து எழுதிருக்காரு. பாஸ்போர்ட்ல இன்னைக்கும் அந்தத் தேதிதான் இருக்கு எனக்கு.

மாஷ் வீட்டப் பத்தியும் சொல்லணும். அவங்க வீட்டம்மா மாடு கறந்து விடியறதுக்குள்ள சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போயிருவாங்க, அதனால ரெண்டு பொண்ணுங்களுக்கும் தல பின்னி விடறது மாஷ்தான். நடுவகிடு எடுத்து, எண்ணெ வெச்சு, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பனை மடிச்சு மேல தூக்கிக் கட்டுவாரு. ஆம்பள தல பின்னறாருன்னு ஊர்ல கேலி பேசுனவங்க உண்டு, அவரு காதுலயே வாங்கல. அப்புறம் அதே வேலைய ஸ்கூலுக்குக் கொண்டு வந்துட்டாரு. மேசை டிராயர்ல சாக்பீஸ் பக்கத்துல ஒரு மரச்சீப்பு, ஹார்லிக்ஸ் பாட்டில்ல தேங்கா எண்ணெ. களை எடுக்க இருட்டோட போற அம்மாக்களோட பிள்ளைங்க தல கலைஞ்சுதான் வரும். ரெண்டாங் கிளாஸ் பொண்ணுங்கள வராந்தாவுல ரயில் மாதிரி ஒருத்தி பின்னாடி ஒருத்தியா உக்கார வெப்பாரு, ஒவ்வொருத்தியும் முன்னாடி இருக்கறவளுக்குப் பின்னணும், கடைசில இருக்கறவளுக்கு இவரு பின்னுவாரு. மொதல்ல உக்காந்திருக்கறவளுக்கு கை சும்மாதான இருக்கும், அவ வாய்ப்பாடு சொல்லணும். ஏழாம் வாய்ப்பாடு முடியறதுக்குள்ள சடை முடிஞ்சிருக்கணும். என் தங்கச்சி இன்னமும் ஏழேழு நாப்பத்தொம்பதுன்னா கை தானா தலைக்குப் போகுதுங்கறா.

90கள் கடைசில டி.பி.இ.பி.ன்னு ஒரு ஆரம்பப் பள்ளித் திட்டம் வந்துச்சு, எழுத்தச் சொல்லிக் குடுக்காம ஆட்டம் பாட்டம் செயல்பாடுன்னு. வீட்டுல எல்லாரும் கொதிச்சாங்க, ஸ்கூலுக்கு அனுப்பறது ஆடறதுக்கான்னு. மாஷ் சண்டையும் போடல, தலையாட்டிட்டும் இருக்கல. காலைல அவங்க சொன்ன மாதிரி ஆட்டம், கஞ்சிப்புரையில கஞ்சியும் பயறும் குடிச்சுட்டு வந்தா மத்தியானம் பழைய பாணி, எழுத்தும் வாய்ப்பாடும். மேல இருந்து ஆள் வந்தா காலைல வரச் சொல்லுவாரு. எனக்குக் கேட்டா ரெண்டுமே நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்கும் முன்னாடி சாட்சரதா, அதான் எழுத்தறிவு இயக்கம் நடந்த காலம். 1991 ஏப்ரல் 18, கோழிக்கோடு மானாஞ்சிறா மைதானத்துல சேலக்கோடன் ஆயிஷான்னு, பெரியவங்களானப்புறம் எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட ஒரு அம்மாதான் கேரளா முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம்னு மேடையில அறிவிச்சாங்க. அதுக்காக ஊர் ஊரா ராத்திரி வகுப்பு நடந்துச்சுல்ல, எங்க தெருவுல மாஷ் வீட்டுத் திண்ணைலதான், காட்டு வேலை முடிச்சுட்டு வந்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல. எங்க அம்மிச்சி அங்கதான் கையெழுத்து கத்துக்கிச்சு. கையெழுத்துன்னா, ஒவ்வொரு எழுத்தும் ஏர் ஓட்டற மாதிரி போகும், ஆபீஸ் கவுண்டர் வரிசையில பின்னாடி நிக்கறவங்க உச்சு கொட்டுவாங்க. ஒரு தடவ மாஷ் பின்னாடி நின்னிருக்காரு, “மெதுவாப் போடுங்காத்தா, நிக்கறவங்க நிக்கட்டும்”னு சத்தமா சொல்லிருக்காரு. அதுக்கப்புறம் அம்மிச்சி சாகற வரைக்கும் எங்கயும் கைநாட்டு வெக்கல.

இன்னொண்ணு, அவரு டைரிக்குள்ள எப்பவும் மடிச்ச ஜெராக்ஸ் ஒண்ணு இருக்கும். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம். தமிழ், கன்னடம் பேசற சிறுபான்மைக்காரங்க அவங்கவங்க மொழியில அரசாங்கத்துக்கு எழுதலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச எடத்துல இருக்கற லோக்கல் ஆபீஸுக்கும் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலயே வரணும்னு அதுல இருக்கு. ஒரு ஆபீஸ்ல, எந்த ஆபீஸ்னு வேண்டாம், எங்கப்பாவோட மனுவ தமிழ்ல இருக்குன்னு திருப்பிட்டாங்க. மாஷ் கூட வந்தாரு, அந்தப் பேப்பரப் பிரிச்சு மேசைல வெச்சாரு, சுத்தமான மலையாளத்துல படிச்சும் காட்டுனாரு. மனுவ வாங்கிக்கிட்டாங்க. ஆனா வெளிய வந்ததும் எங்கப்பாகிட்ட, சட்டம் இருக்கறது சரி, பையன மலையாளமும் எழுதப் பழக்குங்க, தெனமும் நான் வந்துட்டு இருக்க முடியாதுல்லன்னாரு. அப்புறம் சனிக்கெழமை சனிக்கெழமை எங்களுக்கு மலையாளம். ரெண்டுலயும் எழுதறவன ஒருத்தனும் ஏமாத்த முடியாதுங்கறது அவரு கணக்கு.

கிண்டலும் உண்டு. மலையாளக் கும்ப மாசத்துல, நம்ம மாசியில, சித்தூர் கொங்கன்படை வரும்ல, கொங்குப்படைய சித்தூர்க்காரங்க தோக்கடிச்சதுக்கு எடுக்கற விழா. மாஷ் வருஷாவருஷம் பொண்டாட்டி பிள்ளைங்களோட போவாரு. நம்மள அடிச்சு வெரட்டுனதுக்கு நாமளே காசு குடுத்து பலூன் வாங்கிட்டு வரோம்னு சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சுட்டே அந்த அம்மாவுக்கு வளையலும் வாங்குவாரு, எனக்குத் தெரிஞ்சு ஒரு வருஷமும் விட்டதில்ல.

ரிட்டயர் ஆனதும் மாடுகள அவரு ஏத்துக்கிட்டாரு. இத்தன வருஷம் நீ எந்திரிச்ச, இனி நான் எந்திரிக்கறேன்னு வீட்டம்மாவத் தூங்க விட்டாராம், பெரிய பொண்ணுதான் சொல்லுச்சு. சொசைட்டி வரிசையில பால் கேனோட நிப்பாரு, நான் பஸ்ஸுக்குப் போறப்போ பாப்பேன். கடைசி ரெண்டு வருஷம் ஒடம்பு முடியல, அதப் பத்தி பேச வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். வர்ற ஞாயித்துக்கெழமை கருமாதி. பொள்ளாச்சில இருந்து வர்றவங்க கோபாலபுரம், நாட்டுக்கல் வழியா வர்ற பாலக்காடு பஸ்ல ஏறி கோழிஞ்சாம்பாறையில எறங்குங்க. கோயமுத்தூர்க்காரங்க உக்கடத்துல வேலந்தாவளம் பஸ் பாருங்க, அங்கிருந்து ஆட்டோ கெடைக்கும். மாலை, பிளெக்ஸு ஒண்ணும் கொண்டு வர வேண்டாம்னு வீட்டுல சொல்லிருக்காங்க. பழைய ஸ்கூல் போட்டோ இருந்தா எடுத்துட்டு வாங்க, கிளாஸ் குரூப் போட்டோ நெறைய வந்துருச்சு, அது வேண்டாம், வராந்தாவோ கஞ்சிப்புரையோ தெரியற மாதிரி இருந்தா வேணும், சின்னப் பொண்ணு கேட்டிருக்கா. ஒரிஜினலக் குடுக்காதீங்க, அங்கயே போன்ல எடுத்துக்கறேன். சார்ஜ் ஆறு பர்சன்ட் காட்டுது, வெக்கறேங்க.