கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

(திரையில்: கேபினெட்டின் பக்கக் கதவு கழற்றப்படுகிறது. அடியில் தூசி படிந்த எஸ்.எம்.பி.எஸ்.)

வணக்கம். பழைய கம்ப்யூட்டரில் குறைந்த விலைக் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டேன். டிரைவர் ஏறியது, டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. கேமைத் திறந்த இரண்டாவது நிமிடம் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆனது. எந்த எரரும் காட்டவில்லை. கார்டுதான் பழுது என்று முடிவு கட்டி அதை மாற்றி வாங்கினேன். புதியதும் அதே இடத்தில் அணைந்தது. இரண்டு கார்டிலும் ஒரு குறையும் இல்லை. 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த எஸ்.எம்.பி.எஸ்-தான், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டிதான், தாங்கவில்லை.

450 வாட் எப்படித் தாங்காமல் போகும்? அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

(திரையில்: எஸ்.எம்.பி.எஸ் ஸ்டிக்கர், நெருக்கமாக. 12 வோல்ட் கட்டம் மட்டும் ஒளிர்கிறது.)

எஸ்.எம்.பி.எஸ் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று மூன்று முக்கிய வழிகளில் மின்சாரம் தருகிறது. கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் வாங்குவது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில் இருந்துதான். ஸ்டிக்கரில் அந்தக் கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் 216 வாட். வெளியே 450 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கார்டுக்கும் பிராசசருக்கும் சேர்த்து இருப்பது அந்த 216 தான். மீதியெல்லாம் இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் வழிகளில் கிடக்கிறது. ஒழுங்காகச் செய்த 450 வாட் சப்ளை என்றால் 12 வோல்ட்டில் மட்டும் 36 ஆம்பியர் அளவுக்குத் தரும், அதாவது 432 வாட்.

சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் இரண்டு கட்டமாகப் பிரிந்திருக்கும். அந்த இரண்டு எண்களையும் கூட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை வாட் என்று கீழே தனியாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு வரியே இல்லாத ஸ்டிக்கர் என்றால் நான் அந்த சப்ளையை நம்ப மாட்டேன்.

சரி, கார்டு எவ்வளவு கேட்கும்?

மதர்போர்டில் கார்டு உட்காரும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கார்டின் ஓரத்தில் தனி கேபிள் மாட்ட வேண்டும். 6 பின் கேபிள் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். ஆர்எக்ஸ் 6400 கார்டுக்கு 53 வாட் போதும், கேபிளே வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், 8 பின் கேபிள் வேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வருவதால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்று கேட்டு வாங்குவீர்கள். அதில் 8 ஜிபி கார்டு 130 வாட், கேபிள் கேட்கும். 6 ஜிபி கார்டு 70 வாட், பெரும்பாலும் ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடிவிடும். ஜிடிஎக்ஸ் 1650-உம் இப்படித்தான்: 75 வாட் கார்டுதான், ஆனால் சில கம்பெனிகள் அதிலும் 6 பின் வைத்திருக்கின்றன. அதனால் பெயரை மட்டும் பார்க்காமல், நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் மேல்விளிம்புப் படத்தைத் தேடிப் பாருங்கள்.

(திரையில்: கூட்டல் கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது.)

இப்போது ஒரு கணக்கு. ஐ5-12400எஃப் பிராசசர். பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், ஆனால் முழு வேகத்தில் ஓடும்போது 117 வாட் வரை இழுக்கும். அந்தப் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132. கூட்டினால் 249. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வைத்தால் கிட்டத்தட்ட 300 வாட்.

அப்படியிருக்க, ஆர்எக்ஸ் 6600-க்கு 450 வாட் சப்ளை வேண்டும் என்று கார்டு தயாரித்தவர்களே ஏன் சொல்கிறார்கள்? உங்களிடம் என்ன பிராசசர், எவ்வளவு மட்டமான சப்ளை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதோடு, கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகச் சில சமயம் தன் அளவைத் தாண்டி இழுக்கும். சராசரியில் தாங்குகிற சப்ளை அந்த ஒரு இழுப்பில் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். ஆக, 300 வாட் கணக்கு வந்தால் 12 வோல்ட்டில் 400 வாட்டுக்கு மேல் தரும் ஒரு நல்ல 450 அல்லது 550 வாட் சப்ளை போதும். இந்த அளவுக் கார்டுக்கு 750 வாட் வாங்கத் தேவையில்லை, அந்தப் பணத்தைக் கார்டில் போடுங்கள். பெரிய சப்ளை வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்ற பயமும் வேண்டாம். கம்ப்யூட்டர் கேட்பதைத்தான் அது தரும்.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள்.

(திரையில்: சாட்டா கனெக்டரில் இருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டர். மேலே சிவப்புப் பெருக்கல் குறி.)

சப்ளையில் 6 பின் கேபிள் இல்லை என்றதும் ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா கனெக்டரில் இருந்து மாற்றித் தரும் அடாப்டரை வாங்குகிறார்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின். ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 75 வாட் கேட்கக்கூடிய கார்டை அதில் மாட்டினால் பிளாஸ்டிக் சூடேறி உருகலாம், தீப்பிடிக்கவும் கூடும். கேபிள் இல்லாத சப்ளை அந்தக் கார்டுக்காகச் செய்யப்படவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சப்ளையை மாற்றுங்கள், அல்லது கேபிள் கேட்காத கார்டுக்கு இறங்குங்கள். இரண்டாவது வழியில் ஒரு குறைவும் இல்லை. பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் சரியான வழி. அவற்றில் சிலவற்றின் சப்ளையும் மதர்போர்டு கனெக்டரும் வழக்கமான அளவில் இருக்காது, கடையில் கிடைக்கும் சப்ளை பொருந்தாது.

80 பிளஸ் முத்திரை பற்றிச் சுருக்கமாக. சுவரில் இருந்து வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். முத்திரையே இல்லாததை ஒதுக்கலாம். முத்திரை இருப்பதாலேயே நல்லது என்று சொல்ல முடியாது. அந்த மாடலைப் பிரித்துச் சோதித்த விமர்சனத்தைத் தேடுங்கள், எத்தனை வருட வாரன்டி என்று பாருங்கள். ஏழெட்டு வருடம் உழைத்த சப்ளை என்றால் உள்ளே கெபாசிட்டர்கள் சூட்டில் தளர்ந்திருக்கும். ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

(திரையில்: இரண்டு 8 பின் கனெக்டர்கள் அருகருகே.)

மாட்டும்போது ஒரு கவனம். பிராசசருக்குப் போகும் 8 பின் நான்கு நான்காகப் பிரியும், கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பிளஸ் மைனஸ் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

அப்புறம், கேபிள்கள் தனியாகக் கழற்றும் மாடுலர் சப்ளையாக இருந்தால், புதியதை வாங்கும்போது பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டு சப்ளையை மட்டும் மாற்ற ஆசை வரும். செய்யாதீர்கள். சப்ளை பக்கத்துப் பின்களின் வரிசைக்குப் பொதுவான விதி கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே போய்விடும், அதில் இருக்கும் படங்களும் சேர்த்து. பழைய கேபிள்கள் எல்லாவற்றையும் உருவி, பழைய சப்ளையோடு கட்டி, அதே பெட்டியில் போட்டுவிடுங்கள்.