தெர்மாகோல் பெட்டியில் வந்தது வஞ்சிரம் இல்லை

வணக்கம் மக்களே, தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன், கீழே தண்ணி லாரி வந்திருக்கிறது, குடச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டு அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாள். நேற்று நான் லேபில் இருந்து வரும்போது மறித்து, "ஏன்டி, தாய்ப்பால் சத்தை டப்பாவுல வச்சிருக்கீங்களாமே, எனக்குப் பால் பத்தல, கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்" என்றார். சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

அவர் கேட்ட சாமான் லாக்டோஃபெரின், தாய்ப்பாலில் இருக்கும் ஒரு புரதம். சீம்பாலில் லிட்டருக்கு 5 கிராம்கூட இருக்கும், நாள் ஆக ஆக 1, 2 கிராமாகக் குறையும். பசும்பாலில் ரொம்பவே கம்மி. வேலை என்னவென்றால் இரும்பைப் பிடித்து வைப்பது, ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அயனியைக் கவ்விக்கொள்ளும், கிருமி வளர இரும்பு வேண்டும், அது கிடைக்காமல் பட்டினி கிடக்கும். இரும்பு ஏறிய லாக்டோஃபெரினைத் தண்ணீரில் கரைத்தால் வெந்த இறால் மாதிரி இளஞ்சிவப்பு. இரும்பு இல்லாததற்கு அந்த நிறமே வராது.

ஆனால் எங்களிடம் வரும் குப்பிக்கும் எந்தத் தாய்க்கும் சம்பந்தமில்லை. மனித மரபணுவை நெல்லுக்குள் வைத்து விளைவித்தது. ஆமாம், நெல்தான்! அரிசிக்குள் சேரும் புரதத்தை அரைத்து, உப்புக் கரைசலில் இறக்கி, பிரித்தெடுக்கிறார்கள். பூஞ்சையில் செய்கிறவர்களும் உண்டு. புரதம் மனிதனுடையதுதான், மேலே தொங்கும் சர்க்கரைச் சங்கிலி மட்டும் நெல்லுக்கு உரியது, அதனால் பாலில் இருப்பதும் இதுவும் அச்சு அசல் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், நான் முதலில் பார்ப்பது தூய்மை அளவை இல்லை, எண்டோடாக்சின் அளவைத்தான். பாக்டீரியாவின் அந்த நஞ்சு லாக்டோஃபெரினோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளும், கவனிக்காமல் செல்களில் ஊற்றினால் நஞ்சு செய்ததைப் புரதம் செய்ததாக எழுதிவிடுவோம்.

என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் குப்பி ஐஸ் ஜெல்லோடு தெர்மாகோல் பெட்டியில் வந்தது, செக்யூரிட்டி அண்ணன் காசிமேட்டுக்காரர், "என்னம்மா, வஞ்சிரமா?" என்றார். சிரித்துக்கொண்டே மேலே போய், குப்பியைச் சென்ட்ரிஃப்யூஜில், அதாவது வேகமாகச் சுழற்றித் தூளை அடியில் இறக்கும் மெஷினில், ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், ஃபேனுக்கு அடியில் மூடியைத் திறந்தேன். மொத்தமே 1 மில்லிகிராம். மூடியில் ஒட்டியிருந்த தூள் பொசுக்கென்று பறந்தது. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடு ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் கொடுமை. இப்போதெல்லாம் சுற்றிவிட்டுத்தான் திறப்பேன், கரைத்ததும் சின்னச் சின்னக் குழாயில் பிரித்து உறைய வைப்பேன், ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கினால் புரதம் கெட்டுவிடும்.

சரி, அக்காவிடம் வருவோம். லேபிளில் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று போட்டிருப்பது சும்மா இல்லை, பிள்ளை வாயில் வைக்கலாமா என்று அந்தக் குப்பியை யாரும் சோதித்ததே கிடையாது, நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய்ப் பால் கொடுக்கும் முறையைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். "சரி விடு, அந்தப் பொட்டியாவது குடு, மாமாவுக்கு மீன் வைக்க ஆகும்" என்றார்.

அதையும் தரவில்லை.