ஜாத்திலுவி: தண்ணீர் பேசும் ஊரில் ஒரு மனை

[காட்சி: விடியற்காலை. மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள். பின்னணி இசை இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும்.]

வணக்கம். இந்தச் சத்தத்தை ஒரு பத்து விநாடி கேளுங்கள். இந்த ஊருக்கு வந்த முதல் நாள், விடிவதற்கு முன்பே இதைக் கேட்டுத்தான் விழித்தேன். மழை பெய்கிறது என்று நினைத்துக் கதவைத் திறந்தால், வாசலை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. இங்கே தண்ணீர் தூங்குவதே இல்லை.

ஊரின் பெயர் ஜாத்திலுவி. இந்தோனேசியாவின் பாலித் தீவில், தபானான் மாவட்டத்தில் இருக்கிறது. தீவின் இரண்டாவது உயரமான மலை பாத்துகாரு, 2,276 மீட்டர். அதன் தெற்குப் பக்கச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில் இந்த வயல்கள். இந்தோனேசிய மொழியில் கிராமத்தை 'தேசா' என்கிறார்கள். நமக்கு தேசம் என்றால் நாடு, அவர்களுக்கு அது ஓர் ஊர். இங்கே இரண்டு நாள் இருந்துவிட்டால் அந்தச் சொல் இந்த ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது என்று தோன்றும். கோயில், சட்டதிட்டம், தண்ணீர்ப் பங்கீடு எல்லாவற்றுக்கும் ஊர் தன் கையில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது.

இரண்டு பேருக்காக இந்த வீடியோ. ஒருவர் சுற்றிப்பார்க்க வருகிறவர். இன்னொருவர், படத்தைப் பார்த்ததும் "அங்கே ஒரு இடம் வாங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்கிறவர். இரண்டு பேருக்கும் முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

[காட்சி: வாய்க்காலின் குறுக்கே கிடத்திய மரக்கட்டை, மிக அருகில்.]

இந்தக் கட்டையைப் பாருங்கள். வாய்க்கால் பிரிகிற இடத்தில் குறுக்கே போட்டிருக்கிறார்கள். மேலே செதுக்கிய பள்ளங்கள் தெரிகின்றனவா? ஒன்று அகலம், ஒன்று குறுகல். ஆனால் ஆழம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அகலமான பள்ளம் நிறைய நிலம் இருக்கிற பக்கத்துக்கு, குறுகலானது கொஞ்ச நிலம் இருக்கிற பக்கத்துக்கு. மழை பொய்த்துத் தண்ணீர் பாதியாகிவிட்டாலும், எல்லாருக்கும் அதே விகிதத்தில்தான் குறையும். மேல்வயல்காரர் கீழ்வயல்காரரை ஏமாற்ற முடியாது. இதற்கு 'தெம்புக்கு' என்று பெயர். பூட்டு கிடையாது, மீட்டர் கிடையாது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். பள்ளத்தில் சிக்கியிருந்த ஓர் இலையை எடுத்து வீசிவிட்டுப் போனார். அது அவர் வயலுக்குப் போகிற பள்ளம் இல்லை.

ஒரே நீர்மூலத்தைப் பகிர்ந்துகொள்ளும் உழவர்கள் சேர்ந்த சங்கத்துக்கு 'சுபாக்' என்று பெயர். அதன் தலைவர் பெகாசே. எப்போது நாற்று விடுவது, எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது வயலைக் காயப்போடுவது என்று கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். முடிவானதை மீறினால் ஊர்ச்சட்டப்படி அபராதம் உண்டு. தண்ணீர் கோயில் வழியாகத்தான் வருகிறது என்பது நம்பிக்கை, அதனால் பாசன அட்டவணையும் பூசை அட்டவணையும் ஒன்றாகவே ஓடும். இந்த ஏற்பாடு 9-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தபோது, "கோயில் நாள்காட்டி எதற்கு? முடிந்த மட்டும் அடுத்தடுத்துப் பயிர் வையுங்கள்" என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆளுக்கொரு நேரத்தில் நட்டார்கள். தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது, பூச்சி பெருகியது. பக்கத்துப் பக்கத்து வயல்கள் ஒரே நேரத்தில் நட்டு, ஒரே நேரத்தில் அறுத்துத் தரிசாகக் கிடந்தால்தான் பூச்சிக்குத் தின்ன எதுவும் மிஞ்சாது. பழைய அட்டவணை இதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் பின்னர் கணினி மாதிரிகளை வைத்துக் கணக்குப் போட்டு இதைக் காட்டினார். 2012-இல் யுனெஸ்கோ பாலியின் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மொத்தம் சுமார் 19,500 ஹெக்டேர். ஜாத்திலுவி அதில் ஒரு பகுதி. சும்மா அழகாக இருக்கிறது என்று கிடைத்த பட்டம் இல்லை அது. அந்த மரக்கட்டைக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது.

[காட்சி: அறுத்த சிவப்பு நெற்கதிர்கள், கட்டுக்கட்டாக.]

சரி, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு. தென்பசார் விமான நிலையத்திலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். பஸ்ஸை நம்பி வர வேண்டாம், திரும்பிப் போகவும் சேர்த்து வண்டி பேசிக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா இறங்கிய இடத்திலேயே கிடைக்கும், 30 நாளுக்கு. அது போக, 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டவர் பாலிக்கு 1,50,000 ரூப்பியா சுற்றுலா வரி கட்ட வேண்டும். ஊருக்குள் நுழையவும் ஒரு கட்டணம் உண்டு.

எப்போது வருவது? ஊரின் பெருமை சிவப்பரிசி. உயரமாக வளரும் நாட்டு ரகம், விளைய ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். ஆண்டின் தொடக்கத்தில் நடவு, ஜூன், ஜூலை வாக்கில் அறுவடை. நடவு நேரத்தில் வந்தால் வயல் கண்ணாடி மாதிரி இருக்கும். அறுவடை முடிந்த பிறகு வந்தால் வெறும் தாள்தான், ஏமாந்து போகாதீர்கள். கதிரை அறுக்க 'அனி-அனி' என்று ஒரு சின்னக் கத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளங்கைக்குள் மறைந்துவிடும், ஒவ்வொரு கதிராகத்தான் கொய்ய முடியும். நெல்லையே தேவி ஸ்ரீ என்ற பெண் தெய்வமாகப் பார்க்கிறார்கள். கத்தியைப் பார்த்து அவள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. இதைக் கேட்ட பிறகு, தட்டில் மிச்சம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். காய்கறிச் சாப்பாடு என்று சொன்னாலும் சம்பலில் 'தெராசி' இருக்கும், அதாவது இறால் விழுது. "தன்பா தெராசி" என்று கேளுங்கள், தெராசி இல்லாமல் செய்து தருவார்கள். வரப்பில் நடக்கும்போது எதிரே சுமையோடு வருகிறவருக்கு வழி விடுங்கள். மூலையில் பூவும் அரிசியும் வைத்த இலைத்தட்டு இருந்தால் தாண்டாமல் சுற்றிப் போங்கள். மார்ச் மாதம் வருவதாக இருந்தால், பாலிக்காரர்கள் மௌனம் காக்கும் புத்தாண்டு நாளான 'ஞெப்பி' எந்த நாள் என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அந்த 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும்.

[காட்சி: வயல் நடுவே நிற்கும் ஒரு கட்டடம், தூரத்திலிருந்து.]

அப்புறம், இடம் வாங்குவது. இங்கே நிலத்தை 'ஆரே' கணக்கில் பேசுவார்கள். ஓர் ஆரே 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். தரகர் சொல்கிற தொகை ஓர் ஆரேவுக்கா, ஓர் ஆரேவுக்கு ஓர் ஆண்டுக்கா என்று முதலில் கேளுங்கள். முதலாவது விற்பனை விலை, இரண்டாவது குத்தகை. இரண்டையும் குழப்பிக்கொண்டு சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு.

1960-ஆம் ஆண்டு நிலச்சட்டத்தின்படி முழு உரிமை, அதாவது 'ஹக் மிலிக்', இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, நீண்டகாலக் குத்தகை. பெரும்பாலோர் செய்வது இதுதான். இரண்டாவது 'ஹக் பக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை. 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என்று அதிகபட்சம் 80 ஆண்டு. குடிவரவு ஆவணம் வேண்டும், வீட்டின் விலைக்கும் ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, அங்கே கம்பெனி தொடங்கி அதன் பெயரில் கட்டட உரிமை எடுப்பது. விடுதி நடத்துகிறவர்களுக்கு அது சரி, வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து தங்க நினைக்கிறவர்களுக்கு வீண் சுமை.

நான்காவதாக ஒரு வழியைக் காதோடு காதாகச் சொல்வார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி, பக்கவாட்டில் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. தயவுசெய்து வேண்டாம். வெளிநாட்டவருக்கு மறைமுகமாக உரிமை போகிற எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. அந்த 1960 சட்டத்தின் 26-ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது.

சட்டப்படி வாங்கினாலும் எல்லா நிலத்திலும் கட்ட முடியாது. வரைபடத்தில் நெல்வயல் என்று பாதுகாத்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி இல்லை. கோயில்களைச் சுற்றி இவ்வளவு தூரம் புனித எல்லை என்று இந்து மன்றம் 1994-இல் வகுத்த வரம்பும் உண்டு. கட்டடம் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது, தென்னை மர உயரம்தான் அளவு. என்னிடமே ஒரு தரகர், வயல் நடுவே நின்று கையை வீசிக் காட்டி, "இது சீக்கிரம் மாறிவிடும், இப்போதே போட்டு வையுங்கள்" என்றார். மாறிவிடும் என்று சொல்கிற நிலத்தை வாங்காதீர்கள். ஒரு வயலில் கான்கிரீட் விழுந்தால் அதற்குக் கீழே இருக்கிற பத்து வயலுக்குத் தண்ணீர் வழி கெடும். நீங்கள் எந்தக் காட்சிக்காக வந்தீர்களோ அதிலிருந்து ஒரு துண்டு போகும். அடுத்தவர் கட்டும்போது உங்கள் ஜன்னலிலிருந்து இன்னொரு துண்டு போகும்.

இந்த ஊரில் வாழ்ந்தே ஆக வேண்டும் என்று மனசு சொன்னால், குடியிருப்புப் பகுதிக்குள் ஏற்கெனவே நிற்கிற ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுங்கள். என் யோசனை அதுதான். முதலில் மழைக்காலத்தில், நவம்பர் முதல் மார்ச்சுக்குள் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஈரம், மூடுபனி, பெரிய மருத்துவமனை இருக்கிற தூரம் எல்லாம் அப்போதுதான் தெரியும். பத்திரத்தைச் சொந்த நோட்டரியிடம் காட்டுங்கள், தரகர் கூட்டி வந்தவரிடம் இல்லை. நில அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்கச் சொல்லுங்கள். பாதை யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள்.

அது எல்லாம் முடிந்த பிறகு, கையெழுத்துக்கு முன்னால், பெகாசேவைப் போய்ப் பாருங்கள். இந்த வீட்டை ஒட்டி ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இதைத் தாண்டி யார் வயலுக்குப் போகிறது என்று கேளுங்கள். அவர் உங்களை உட்காரவைத்துப் பதில் சொல்ல மாட்டார். எழுந்து, வரப்பு வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். ஈரம் தாங்குகிற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: மறுபடியும் அந்த மரக்கட்டை. பள்ளங்கள் வழியே தண்ணீர். சத்தம் மெல்ல அடங்குகிறது.]