ஈர்ப்பு இல்லாத இடத்தில் எடை பார்ப்பது எப்படி? ஒரு மாணவியின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி அனுப்பியிருக்கும் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். "2024ஆம் ஆண்டின் இறுதியில், விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த சுனிதா வில்லியம்ஸ் மெலிந்துவிட்டார் என்று செய்திகள் வந்தன, தம் எடை புறப்பட்டபோது இருந்த அளவிலேயே இருக்கிறது என்று அவர் பதில் சொன்னார். ஈர்ப்பு விசையே இல்லாத இடத்தில் எடை ஏது? அது குறையவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்கிறார்.

கேள்வி கூர்மையானது, ஆனால் அதற்குள் நம்மில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவறு இருக்கிறது. விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இருக்கிறது. தரையில் இருப்பதில் ஏறத்தாழ 89 விழுக்காடு அங்கேயும் இருக்கிறது. புவியின் ஈர்ப்பு எவ்வளவு என்று கணக்கிடும்போது தொலைவைத் தரையிலிருந்து அளப்பதில்லை, புவியின் மையத்திலிருந்து அளக்கிறோம். மையத்திலிருந்து நாம் நிற்கும் தரைக்கே சுமார் 6,370 கிலோமீட்டர். நிலையம் அதற்கு மேல் இன்னும் 400 கிலோமீட்டர் மட்டுமே தள்ளி இருக்கிறது. சாலை வழியே சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் தொலைவைவிட இது குறைவு. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்ட முடிந்து, அதன் உச்சியில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்து ஏறி நின்றால், இங்கே 60 கிலோ காட்டிய ஒருவருக்கு அங்கே 53 கிலோ காட்டும். அவர் மிதக்க மாட்டார். நம்மைப் போலவே நின்றுகொண்டிருப்பார்.

அப்படியானால் நிலையத்துக்குள் இருப்பவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? எடை பார்க்கும் இயந்திரம் எதை அளக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அது ஈர்ப்பை நேரடியாக அளப்பதில்லை. புவி உங்களைக் கீழே இழுக்கிறது, இயந்திரம் உங்களை விழவிடாமல் மேல்நோக்கித் தாங்குகிறது. அந்தத் தாங்கும் விசையைத்தான் முள் காட்டுகிறது. தாங்குவதும் உங்களுடன் சேர்ந்து விழுந்தால் முள் இறங்கிவிடும். திருவிழா ராட்டினம் உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கும்போது அடிவயிற்றில் ஒரு கூச்சம் தோன்றுகிறதே, இருக்கை நம்மைத் தாங்குவது குறைந்துபோவதால் வரும் உணர்வு அது. ஈர்ப்பு அந்த நொடியில் ஒரு துளியும் குறையவில்லை.

விண்வெளி நிலையமும் அப்படித்தான் இடைவிடாமல் விழுந்துகொண்டிருக்கிறது. விழுவது ஏன் தரையை வந்து தொடவில்லை என்பதற்குக் கணக்கு மிக எளியது. நிலையம் ஒரு நொடியில் பக்கவாட்டில் சுமார் 7.66 கிலோமீட்டர் நகர்கிறது. அதே நொடியில் புவியை நோக்கி 4.3 மீட்டர் விழுகிறது. புவியோ உருண்டை. 7.66 கிலோமீட்டர் நகர்வதற்குள் அதன் வளைவும் அதே 4.3 மீட்டர் கீழே இறங்கிவிடுவதால், எவ்வளவு விழுந்தாலும் தரைக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள தொலைவு குறைவதில்லை. ஈர்ப்பு உண்மையிலேயே இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் எங்கோ போய்விட்டிருக்கும். உயர்ந்த மலையின் உச்சியிலிருந்து வேகத்தைக் கூட்டிக்கூட்டிப் பீரங்கிக் குண்டைச் சுட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது புவியையே சுற்றி வரும் என்று நியூட்டன் எழுதியது இதைத்தான். நிலவும் இதே முறையில் ஒவ்வொரு நொடியும் நம்மை நோக்கி 1.4 மில்லிமீட்டர் விழுகிறது.

பாடநூலில் எடை என்பது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை என்று இருக்கிறது. அந்த வரையறையின்படி விண்வெளி வீரருக்கு எடை உண்டு. அதை உணர்த்தும் தாங்கல்தான் இல்லை. அதே பாடநூல் சில பக்கங்கள் கழித்து "எடையற்ற நிலை" என்றும் எழுதுகிறது. மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. இதற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். சுனிதா வில்லியம்ஸ் எடை என்று சொன்னது, இயற்பியலில் நாம் நிறை என்று சொல்வதை. உடலில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதே நிறை. அது தரையிலும் நிலவிலும் நிலையத்திலும் மாறாது. மிதக்கும் ஒரு கனமான பெட்டியைத் தள்ளிப் பார்த்தால், அது எளிதில் நகராமல் முரண்டு பிடிக்கும். நகர்ந்துவிட்டால் எளிதில் நிற்காது. அந்த முரண்டைத்தான் அங்கே அளக்கிறார்கள். 1973இல் அமெரிக்கா அனுப்பிய ஸ்கைலேப் நிலையத்திலேயே இதற்கென்று சுருள்வில்லில் பொருத்திய ஓர் இருக்கை இருந்தது. அமர்ந்திருப்பவரோடு சேர்த்து அதை ஆடவிட்டு, ஓர் அலைவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். நிறை கூடினால் அலைவு மெதுவாகும். இன்றைய நிலையத்தில் உள்ள மற்றொரு கருவி, சுருள்வில்லின் உதவியால் தெரிந்த ஒரு விசையுடன் வீரரை இழுத்து, அவர் எவ்வளவு முடுக்கம் பெறுகிறார், அதாவது அவர் வேகம் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்று அளக்கிறது. விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை கிடைத்துவிடும்.

சுருள்வில்லுக்குப் பதிலாக நம் வீட்டு ஊஞ்சலைப் பயன்படுத்த முடியாதா என்று யாராவது கேட்கலாம். முடியாது. ஊஞ்சலை மீண்டும் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவது ஈர்ப்புதான். எல்லாம் சேர்ந்து விழும் இடத்தில் அது ஆடவே ஆடாது. தரையிலும்கூட, குழந்தை அமர்ந்தாலும் தாத்தா அமர்ந்தாலும் ஊஞ்சல் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் ஆடி முடிக்கும் என்பதால், அதை வைத்து யாருடைய நிறையையும் கண்டுபிடிக்க இயலாது.

படங்களில் சுனிதா வில்லியம்ஸின் முகம் மாறித் தெரிந்ததற்குக் காரணம் வேறு. இங்கே கால்களை நோக்கி இறங்கி நிற்கும் உடல்நீர், அங்கே தாங்கல் இல்லாத நிலையில் மேலுடலில் பரவிவிடுகிறது. அதனால் கால்கள் மெலிந்தும் தலை சற்றுப் பெரிதாகவும் தோன்றும்.