முட்டை விற்றுக் கட்டிய மாதா கோவில்

அனைவருக்கும் வணக்கம்.

மத்தியதரைக் கடலில் உள்ள தீவு நாடான மால்டாவில் இம்ஜார் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கோசோ தீவின் படகுத்துறை. சுற்றுலா போகிறவர்கள் இறங்குவது அங்கேதான். நான் பேச வந்தது மற்றதைப் பற்றி. பெரிய தீவின் வடமேற்கில் இருக்கும் சின்ன விவசாய கிராமம், முட்டை விற்றுக் கோவில் கட்டிய ஊர். பெயரை நம்பி இடம் மாறிப் போய்விடாதீர்கள்.

மால்டா நாடு மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிசாகப் படிந்த மண்தான் விவசாயிகளின் மூலதனம். அந்த மண்ணுக்காக 1973-இல் ஒரு சட்டமே போட்டார்கள். கட்டடம் கட்டும் மனையில் வளமான மண் இருந்தால், அதன் மேல் கான்கிரீட் கொட்டக் கூடாது. அள்ளி எடுத்து வயலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

வயல்களைச் சுற்றி இடுப்புயரக் கற்சுவர்கள். நிலத்தில் பொறுக்கிய கல்லையே இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே சிறுகல் போட்டு நிரப்புவார்கள். சாந்து கிடையாது. மழைத் தண்ணீர் இடுக்குகளில் கசிந்து வெளியேறும், மண் உள்ளேயே நிற்கும். பூசி மெழுகிய சுவராக இருந்தால் தண்ணீர் தேங்கி, ஒருநாள் சுவரையே தள்ளிவிடும். நம் மேஸ்திரிகள் யாராவது இங்கே இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

கல் அடுக்குவது அங்கே நேற்றுத் தொடங்கிய வேலையும் இல்லை. ஊருக்குள்ளேயே தா ஹஜ்ராத் என்று ஒரு கோயில் இருக்கிறது. பெயருக்கு 'கற்களுடையது' என்று பொருள். கி.மு. 3600 வாக்கில் எழுந்தது. எகிப்தின் கீசா பிரமிடுகளுக்கு ஏறத்தாழ 1,000 வருடம் மூத்தது. 1920-களில் தெமிஸ்டோக்லிஸ் ஸாமித் என்ற மால்டா தொல்லியலாளர் அங்கே அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு குட்டிக் கட்டடம். சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய மாதிரி. நீளம் 4.5 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடும். வாசல், சுவர், மேற்கூரை எல்லாம் இருக்கிறது. கூரையெல்லாம் விழுந்துபோன அந்தக் கோயில்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் யோசிப்பதற்கு இந்தப் பொம்மை ஒரு பிடி. தலைநகர் வலெட்டாவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பக்கத்திலேயே ஸ்கோர்பா என்ற இன்னொரு பழங்காலக் கோயில். 1961 முதல் 1963 வரை தொல்லியலாளர் டேவிட் டிரம்ப் அங்கே தோண்டியபோது, கோயிலுக்கும் அடியில் அதைவிடப் பழைய குடியிருப்பு வந்தது. 1992-இல் இரண்டு இடங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. கடற்கொள்ளையர் பயத்தால் வடக்குக் கரையோரம் குடியிருக்கவே ஆட்கள் தயங்கிய காலம் அது. 1637-இல், அன்று மால்டாவை ஆண்ட புனித யோவான் குதிரைவீரர் சபையினர் ஜினேய்னா விரிகுடாவைப் பார்த்தபடி லிப்பியா காவல் கோபுரத்தைக் கட்டினார்கள். இம்ஜார் தனிப் பங்காக, அதாவது தனக்கென்று குருவும் கோவிலும் உள்ள திருச்சபைப் பிரிவாக, ஆனது 1898-இல்தான்.

சரி, முட்டைக் கதைக்கு வருகிறேன். பங்கு என்று ஆன பிறகு ஊருக்குத் தகுந்த கோவில் வேண்டாமா? 1912-இல் வேலை தொடங்கியது. விவசாயிகளிடம் ரொக்கம் ஏது? கோழிகள் இருந்தன. கோவிலுக்கென்று முட்டையைக் கொடுத்தார்கள். அதை விற்ற காசு கட்டடத்துக்குப் போனது. இன்றைக்கும் அதற்கு 'முட்டைக் கோவில்' என்றுதான் செல்லப்பெயர். குவிமாடமும் ஏறக்குறைய முட்டை வடிவம்! அதை வேண்டுமென்றே செய்தார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிடச் சிரித்துவிட்டுப் போவது நல்லது.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. மால்டா மேல் குண்டு மழை. இம்ஜார்க்காரர்கள் பாறையைக் குடைந்து சுமார் 12 மீட்டர் ஆழத்தில் பதுங்குமிடம் அமைத்தார்கள். இன்று அதற்குள் இறங்கும் வழி ஓர் உணவகத்தின் உள்ளே இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம். அன்று இறங்கியவர்களுக்குச் சாப்பாடே பிரச்சினை. தீவே பட்டினியின் விளிம்பில் இருந்தது. 1942 ஆகஸ்ட் 15 அன்று, தீவுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுவந்த கப்பல் அணியைச் சேர்ந்த 'ஒஹாயோ' என்ற எண்ணெய்க் கப்பல், குண்டுபட்டு மூழ்கும் நிலையில், மற்றக் கப்பல்கள் தாங்கிப் பிடித்துவர, துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. அன்று மாதா விண்ணேற்புத் திருநாள். இம்ஜார் கோவிலும் அந்த மாதாவின் பெயரில் எழுந்ததுதான்.

கோவில் வேலை முடிய இன்னும் 4 வருடம் இருந்தது.