வை.மு.கோ.வும் பழுப்பேறிய தாள்களும்

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மண்டபம் தந்துதவிய வாசகர் வட்டத்தாரே, தாய்மார்களே, வணக்கம். எத்தனையோ பணிகளுக்கிடையே தலைவர் அவர்கள் வந்திருப்பது இந்த அவைக்குப் பெருமை. சால்வை போர்த்திய செயலாளர் அவர்களுக்கும் என் நன்றி.

நாவலாசிரியர் வை.மு. கோதைநாயகி அம்மாளின் இளமை, நாவல்கள் என்று இரண்டு தலைப்பு தந்திருக்கிறார்கள். இளமையிலிருந்து தொடங்குகிறேன்.

பிறப்பு 1901. ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. திருவல்லிக்கேணிப் புக்ககத்தில் குழந்தைகளைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொல்வார். கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்த்துப் பார்த்து, அம்மாளின் மனத்திலேயே ஒரு நாடகம் உருவாகிவிட்டது. எழுதத்தான் கை வரவில்லை! என்ன செய்தார்? தோழி பட்டம்மாளை எழுத உட்காரவைத்தார். இவர் சொல்ல, அவர் எழுத, காட்சி காட்சியாக வளர்ந்தது. எண்ணிப் பாருங்கள், எழுதுகிறவரே முதல் ரசிகையும்! கதை தொய்ந்தால் எதிரிலிருக்கும் முகமே சொல்லிவிடும். அடித்துத் திருத்த வழியில்லை. வாக்கியம் வாயில் முழுதாக வந்தாக வேண்டும். 1924-இல் அந்த 'இந்திர மோகனா' அச்சேறியது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்!

பிறகு 115 நாவல்கள். பாத்திரங்கள் ஓயாமல் பேசுகின்றன என்று குறை சொல்வோர் உண்டு. வாயால் கதை வளர்த்தவருக்கு உரையாடல்தானே உயிர்நாடி? குழந்தை மணமும் விதவையர் துயரும் அவர் ஏட்டில் படித்த செய்திகளா? கண்ணெதிரே கண்ட வாழ்க்கை அல்லவா?

நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' மாத இதழை 1925-இல் ஏற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். அந்த இதழ்களின் கதி என்ன? இதைக் கேட்கத்தான் வந்தேன்.

மரக்கூழில் செய்த மலிவுத் தாள் அது. உள்ளேயே அமிலம் இருக்கிறது. பழுப்பேறி, மடித்தால் ஒடிந்துவிடும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை ஊறி எழுத்தையே மறைக்கும். லேமினேஷன் அதைவிடக் கேடு, திரும்பப் பிரிக்கவே முடியாது. வெயிலில் காயவைக்க வேண்டாம். துருவேறிய பின்னைப் பதமாகக் கழற்றுங்கள். மென்மையான தூரிகையால், நடுமடிப்பிலிருந்து ஓரம் நோக்கித் தூசு தட்டுங்கள்.

ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் இதழின் முதுகு பிளந்துவிடும். இதழைப் பாதி விரித்துத் தாங்கியில் வைத்து மேலிருந்து கேமராவால் எடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். பொடி எழுத்துக்கு 600. மூலக்கோப்பு, படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் இருக்கட்டும். வாசகருக்கு பிடிஎஃப் கொடுக்கலாம். விளம்பரப் பக்கங்களை விட்டுவிடாதீர்கள். ஆண்டு, மாதம், பக்க எண் என்று கோப்புக்குப் பெயரிடுங்கள். காணாத பக்கத்தையும் குறித்து வையுங்கள்.

நாப்பழக்கத்தில் வந்த செந்தமிழ், தாய்மார்களே, பரணில் பொடியாக உதிர்கிறது! நூலக அதிகாரி அவர்களே, ஒரு கேமராவும் ஓர் அறையும் ஒதுக்கித் தாருங்கள். வீட்டில் பழைய இதழ் வைத்திருப்போர் கட்டைப் பிரிக்காமல், அட்டைக்கு நடுவே வைத்து எடுத்து வாருங்கள். படமெடுத்த கையோடு இதழ் உங்களிடமே திரும்பிவிடும்.